அரவேணுவில் கொல்கத்தா நேரம்

பதினோரு வருஷத்துப் பெட்டி.
மூடியைக் கழற்றினால்
பல்லிமுட்டை ஓடு ஒன்று,
ஆடி மாதத்துப் பூஞ்சணம்,
விசிறியில் சுற்றிய கம்பளி நூல்.
குளிருக்கு அதையும் போர்த்தித்தான் வைத்திருந்தேன்,
யாரிடமும் சொன்னதில்லை.

இனிமேல் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லையென்று
திரையின் மூலையில் அது சொல்லத் தொடங்கி
மூன்று மழைக்காலம் போயிற்று.
பிறகு நினைவூட்டு, பிறகு நினைவூட்டு என்று
அழுத்தி அழுத்தியே
மவுஸின் இடது காது தேய்ந்தது.

ஐப்பசியில் ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பு.
சங்கு ஊதியது. கீழே ஒரு தொலைபேசி எண்.
எடுத்தவனுக்கு அத்தனை மரியாதை:
"பயப்படாதீங்க மேடம், நான் இருக்கேன்ல."
கொழுந்து போட்ட காசு
ஒன்பதாயிரத்து முந்நூறு
அந்த மரியாதைக்குப் போயிற்று.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள்.
எழுதிய கம்ப்யூட்டரின் மூலையிலும்
அதே மஞ்சள் முக்கோணம்.
பார்த்தேன். சொல்லவில்லை.

தபாலாபீஸ் எஸ்தர் வனிதா
கொத்தமல்லிக் கட்டோடு சேர்த்து
ஒரு பென்டிரைவ் கொடுத்தாள்.
"எங்க வீட்டுதுல போன மாசமே மாத்திட்டேன்."
எவ்வளவு?
"சும்மா."
சும்மா கொடுத்தால் யாருக்கு லாபம்?
"தெரியலக்கா. ஓடுது."

சனிக்கிழமை. கரண்ட் போகுமா என்று
லைன்மேன் ஹாலனுக்குப் போன் போட்டேன்.
காட்டெருமை எதுவும்
கம்பத்தில் முதுகு சொறியாதிருந்தால்
போகாது என்றார்.

முதலில் மொழி கேட்டது.
தெலுங்குக்குப் பக்கத்தில் தமிழ் நின்றிருந்தது,
ரேஷன் வரிசையில் தெரிந்த முகம்போல.
அடுத்து, எங்கே இருக்கிறீர்கள்?
உலகப்படத்தில் நம் மலையைத் தேடி
மேலே வைத்து அழுத்தினேன்.
கொல்கத்தா என்றது.
மூச்சைப் பிடித்து இன்னொரு முறை, குறிபார்த்து.
கொல்கத்தா.
போகட்டும், மணி ஒன்றுதானே.

மூன்றாவது கேள்விக்குத்தான் எழுந்துபோய்த்
தேநீர் போட்டேன்.
வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?
விடலாமா என்று மரியாதையாகக் கேட்டது.
மரியாதை என்றாலே இப்போது எனக்குப் பயம்.

பட்டா நகல், கொழுந்துக் கணக்கு,
மகளின் தடுப்பூசி அட்டை, பிறந்தநாள் படங்கள்
எல்லாம் முந்தின இரவே
வேறொரு டிரைவுக்கு ஏறிவிட்டன.
மிச்சம் செல்வநேசன் பெயரில் ஒரு ஃபோல்டர்.
அவர் திருப்பூரில் வேறு வீடு பார்த்து
ஆறு வருஷம்.
திறந்தேன்.
சீட்டாட்டப் புள்ளிகள். டயர் விலைப்பட்டியல்.
அவ்வளவுதான் இருந்தது.
அதற்குள் போகத்தான் ஆறு வருஷமாய்
தினம் காலையில் நான்
அவருடைய பைக் நம்பரை
அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழி.

முப்பத்துநான்கு சதவீதத்தில்
ஜன்னல் வழியே மூடுபனி வந்து உட்கார்ந்தது.
எழுபத்தொன்றில் பல்பு கண்சிமிட்டி அணைந்தது.
காட்டெருமைதான்.
யுபிஎஸ் கத்தக் கத்த
ஒன்பது நிமிடம் நானும் பெட்டியும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பத்தாவதில் வந்தது.

கணினிக்குப் பெயர் கேட்டது.
தமிழில் வைத்தேன், ஏற்கவில்லை.
ஆங்கில எழுத்தில் மோளை என்று அடித்தேன்.
கொம்பில்லாத மாடு,
யாரையும் முட்டாது.

கடவுச்சொல் இங்கே எழுதமாட்டேன்.

பிரின்டர் மட்டும் இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை.
செவ்வாய்க்கிழமை வனிதா வருகிறாள்.
மற்றபடி பழைய பெட்டி
மேட்டில் ஏறும் பஸ்போல் உறுமாமல்
திறக்கிறது, மூடுகிறது.
மூலையில் முக்கோணம் இல்லை;
அந்த இடத்தில் கொல்கத்தா நேரம்
ஆறு நாற்பது.

முதல் நாள் காலை,
தூக்கக் கலக்கத்தில் விரல்
பைக் நம்பருக்கே போயிற்று.
தவறு, மீண்டும் முயலவும் என்றது.

சரி என்றேன், வாய்விட்டு.