செய்முறைக்கு முந்தின நாள்

வாலிநோக்கம் பள்ளி ஆய்வகத்தில்
பித்தளை எதுவும் மஞ்சளாய் இல்லை.
மீட்டர் சமனச்சுற்றின் திருகுகளில்
பச்சை பூத்திருக்கிறது.
ஹபீபா தேய்க்கிறாள், உப்புத்தாளால்.
உப்பு அரித்ததைத் துடைக்க
உப்புத்தாள்!
யார் வைத்த பெயரோ.

நாளை சீட்டுக் குலுக்கல்.
நிறமாலைமானி வந்தால் பிழைத்துக்கொள்வேன்:
தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குக் குவிக்கணும்,
எங்கள் ஜன்னலில் தூரத்துக்குப் பஞ்சமில்லை.
ஒரு வள்ளம், வலையோடு, ஆளோடு,
தலைகீழாகக் கடலிலிருந்து தொங்கும்.
ஜீனர் டையோடு என்றால்
பேர் தெரிந்த எல்லாச் சாமிக்கும் ஒரு தேங்காய்.

"ஜாக்கியை இழுக்காதே, தொட்டுத் தொட்டு எடு."
நாற்பத்து மூன்றில் முள் இடப்பக்கம் விழுகிறது,
நாற்பத்து நான்கில் வலப்பக்கம்.
நடுவில் எங்கோ
மூச்சுவிடாமல் நிற்கிறது சுழி.

கணக்கில் இரண்டு புள்ளி ஆறு ஓம்.
போன வருஷத்து அக்கா ஒருத்தியின் நோட்டில்
பென்சிலில் இருக்கிறது:
'ரெண்டு புள்ளி ஒண்ணு வரணும்.
வரலேன்னா வரவழை.'
வரவழைத்தேன்.
ஹபீபா ஒன்றும் சொல்லவில்லை,
திருகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அளத்தில் அம்மா சுமந்த நடை நூற்றுப்பத்து.
சீட்டில் தொண்ணூறு எழுதுகிறவனை
ராத்திரிச் சோற்றோடு சேர்த்துத் திட்டுவாள் தினமும்.
அதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால்
நம்புவீர்களா?

அழித்தேன். தாள் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி ஆறு.
பிழைக்கான காரணம் கேட்டு
ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
காற்று என்று எழுதலாம்.
எந்தக் காற்று என்று கேட்டால்
ஜன்னலைக் காட்டலாம்.