கால் லிட்டர் சிவப்பு

என் கடன் நோட்டில் அவருக்குப் பக்கம் கிடையாது.
பாலக்கோட்டில் ரொக்கம் கொடுத்துப் பெயின்ட் வாங்குகிற
மூன்று பேரில் மாதம்மாள் டீச்சர் ஒருவர்.
கால் லிட்டர் சிவப்பு, ஒரு அங்குலப் பிரஷ்.
ரசீது கேட்பார்.
மடித்துப் பென்ஷன் புத்தகத்துக்குள் வைப்பார்.

ரிட்டயர் ஆன மறுவாரம் முதல்முறை வந்தார்.
அன்றைக்கு நீலமும் ஒரு டப்பா எடுத்தார்.
"வீட்டுக்கா டீச்சர்?"
"பம்புக்கு."

பிறகுதான் ஊரில் பேச்சு கிளம்பியது.
பை நிறையக் கண்ணாடிக் குழாய்,
பாட்டிலில் ஏதோ ரோஸ் கலர் மருந்து,
பஸ் போகிற தெரு, போகாத தெரு எல்லாம்
அடிபம்பு தேடி அலைகிறாராம்.
மருந்து ரோஸாகவே நின்றால் நீலம்.
மஞ்சளாய் மாறினால் சிவப்பு.
சிவப்பில் துணி துவைக்கலாம், மாடு கழுவலாம்,
உலை வைக்கக் கூடாது.

முப்பத்தோரு வருஷம் கணக்கு நடத்தியவர்.
"போர்டிலிருந்து திரும்பினால்
சிரிக்கிற கிளாஸ் மொத்தமும்
கையால் வாயை மூடியிருக்கும்" என்றார் ஒருநாள்,
சில்லறை எண்ணிக்கொண்டே.
நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.
மேல்வரிசைப் பழுப்பை மறைக்கத்தான்
பதினெட்டு வயதில் இதை வளர்க்கத் தொடங்கினேன்.
அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊர் ஒன்றும் மாலை போடவில்லை.
செவப்பு டீச்சர் என்று பெயர் வைத்தது.
மனை விற்கிறவன் ஒருத்தன் வாசலில் நின்று கத்தினான்.
பெண் பார்க்க வந்தவர்கள் பம்பைப் பார்த்துத் திரும்பிவிட்டதாய்
ஒரு வீட்டில் மண் வாரித் தூற்றினார்கள்.
கவுன்சிலர் சொன்னார்,
"எங்க தாத்தா இதக் குடிச்சுத்தான் தொண்ணூறு வயசு இருந்தாரு."
"எப்படி நடந்தாரு?" என்று கேட்டாராம் டீச்சர்.

அந்த வருஷம் ஆடியில்
என் லைன்வீட்டு பம்புக்கும் வந்தது சிவப்பு.
என் கடைச் சிவப்பு.
நாலு குடித்தனத்தில் இரண்டு காலி செய்தது.
ராத்திரி பதினோரு மணிக்கு
தின்னரும் பழைய பனியனுமாய் உட்கார்ந்து
இரும்பு தெரியும்வரை தேய்த்தேன்.
காலையில் ஷட்டர் தூக்கும்போதே நின்றிருந்தார்.
கால் லிட்டர் சிவப்பு.
காசு வாங்க நீட்டிய கையில்
இன்னும் தின்னர் வாசம்.
மூக்கை ஒருமுறை சுளித்தார்.
"ரசீது" என்றார்.
எழுதினேன்.
என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

மூன்று தடவை அழித்தேன். மூன்று ரசீது.
நாலாவது தடவை நான் போகாதது
சோம்பலா வெட்கமா என்று
இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது,
வாரம் இரண்டு நாள், மோட்டார் மனசு வைத்தால்.
மற்ற நாளுக்குப் பம்புகள் இருக்கவே இருக்கின்றன.
டீச்சருக்கு முழங்கால் மடங்குவதில்லை.
இதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தானே.
ஷேர் ஆட்டோவில் ஒரு ஸ்டூலை ஏற்றிக்கொண்டு போகிறார்.
பம்பின் கழுத்துவரைதான் பிரஷ் எட்டுகிறது.
கீழ்ப்பாதி துருவோடு நிற்கிறது.

போன செவ்வாய்க்கிழமை
தக்காளி லாரிகள் தெருவை அடைத்திருந்த நேரம்
சந்தில் புகுந்து வந்தார்.
"நீலம் இருக்கா, கால் லிட்டர்?"

எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தேன்.
"ஏரி ரொம்பி ரெண்டு வருஷம் ஆச்சில்ல" என்றார்.
"மூணு தரம் பார்த்துட்டேன்."

அவருக்கென்று எடுத்துவைத்த டப்பா
மேல்தட்டில் எத்தனை வருஷமாய்ப் புழுதி தின்றதோ.
ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினேன்.
மேலே தடித்த தோலாய் ஆடை.
"கெட்டுப்போச்சா?"
குச்சியால் கிழித்தேன்.
அடியில் ஈரம்.

"காசு வேணாம் டீச்சர், பழசு இது."
பேனாவை என் பக்கம் தள்ளினார்.
"தேதி போடு."