வெள்ளெழுத்து

முதலில் எனக்குத்தான் வந்தது.
வசனக் குமிழுக்குள் எழுதிக்கொண்டிருந்த 'படார்'
எறும்புச் சாரையாக நகர்ந்தது.
பெருந்துறை ரோட்டுக் கண்ணாடிக் கடைக்காரர்
ஒன்றரை பவர் எழுதிவிட்டு,
"நாப்பதத் தாண்டுனா எல்லாத்துக்கும் வர்றதுதானுங் அம்மிணி" என்றார்.

அன்றைக்கு ராத்திரி, ஆலங்கட்டி,
உன் மூஞ்சியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
இருபத்தாறு வருசமாக இருபத்தெட்டு வயது.
இதற்குள் நான்
ஒரு புருசனை விட்டு வந்து, பையனை வளர்த்து,
ஈரோட்டிலேயே ஏழு வாடகை வீடு மாறி,
மஞ்சள் மண்டித் தூசிக்குத் தும்மித் தும்மி
உன் நீலச் சால்வைக்கு மடிப்பு வரைந்திருக்கிறேன்.
நீ ஒரு மயிர் உதிர்க்கவில்லை.

கோபம்தான்.
கடைக்கண்ணில் ஒரு கோடு இழுத்தேன்.
பென்சில்தான். ரப்பர் பக்கத்திலேயே கிடந்தது.

அப்புறம் கை நிற்கவில்லை.
லோகமணியைச் சென்னிமலை மேலிருந்து
இன்னும் எத்தனை தடவை தள்ளிவிடுவது?
அடுத்த இதழில் கல்யாணம்.
அருமைக்காரர் வந்தார். பத்திரிகையில்
குழந்தைவேலு என்று உன் நிஜப் பேரை அடித்துவிட்டார்கள்.
ஊர் திடுக்கிடுவதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்.
"தெரியுமுங்" என்று பந்திக்குப் போனார்கள்.
நொய்யலைக் கறுப்பாக்கிய சாயராசன்கூட
மொய் மேசையில் ஐநூத்தி ஒண்ணு எழுதிவிட்டு
முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மகள் பிறந்தாள். சக்தி ஒன்றும் இல்லை.
வேனில் போனால் வாந்தி வரும், அவ்வளவுதான்.
பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு பறந்தாய்;
சால்வையெல்லாம் தயிர்சாதம்.

ஆசிரியர் அர்த்தநாரி பக்கங்களைப் புரட்டினார்.
"வயசானவனை எவன் காசு குடுத்து வாங்குவான்?"
சந்தாக் கடிதக் கட்டை நகர்த்தினேன்.
பாதிப் பேர் சர்க்கரை மாத்திரைச் சீட்டுக்குப் பின்னால்
முகவரி எழுதி அனுப்பியிருந்தார்கள்.
"சரி, இந்த ஒரு இதழ்.
கடைசிக் கட்டத்துல எல்லாம் கனவுன்னு முடிச்சுரு."

கடைசிப் பக்கம்.
பவானிசாகர் மதகில் வெடிகுண்டு. ஏழு நிமிசம்.
எந்த ஒயரை வெட்டினால் நிற்கும் என்று
தனக்கே மறந்துவிடும் பயத்தில்
சாயராசன் ஒட்டிவைத்த சீட்டு.
குருணை அளவு எழுத்து.

கண்விழிக்கும் கட்டத்துக்குச் சதுரம்கூடப் போட்டாயிற்று:
கட்டில், வியர்வை, இருபத்தெட்டு வயது.
அதற்கு முந்தின கட்டத்தில் நீ
வலது கையை நீட்டினாய்.
பறக்க நீட்டுகிற அதே கை, அதே முழு நீளம்.
நுனியில் அந்தச் சீட்டு.
இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாய்.

என் கண்ணாடியைப் பார்த்து வரையலாம் என்று கழற்றினேன்.
கழற்றினால் தாள் தெரியவில்லை.
குத்துமதிப்பாக உனக்கு மாட்டிவிட்டேன்.
இடது காதுப் பக்கம் கோணல்;
என்னுடையதும் அப்படித்தான்.

நாலு நிமிசம் இருக்கிறது.
படி.