நாலேகால் அடி

ஆறு சென்ட். கிளுவை வேலி தாண்டினால்
மூலனூர் ரோடு.
சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுவிட்டேன்:
இது கம்ப்ரஸர், இது வெல்டிங்,
இந்த நீட்டம் லிஃப்ட்டுக்கு, காசு வந்த பிறகு.
மேற்கே வாசல் யோகம் என்றார் சித்தப்பா.
ஆடிக்காற்று அள்ளி வீசும் மண்ணை
கார்ப்பரேட்டருக்குள் யார் வாங்கிக்கொள்வது?
வடக்கே வைத்தேன். டீ குடிக்காமல் போனார்.

குழிக்குத்தான் தகராறு.
"உங்க உசரத்துக்கே தோண்டுங்க,
நான் பலகை போட்டு நின்னுக்கறேன்" என்றாள் பூங்கோதை.
கியர்பாக்ஸ் இறக்க அவள் கைதான் சுத்தம்.
"உன் உசரமே போதும்" என்றேன்.
"அப்பறம் வருசம் பூரா கழுத்து வலின்னு பொலம்பறதுக்கா?"

நாலேகால் அடியில் டங்கென்றது கடப்பாரை.
சுக்காங்கல்.
பிரேக்கர்காரன் மணிக்குச் சொன்ன ரேட்டில்
இரண்டு பேரும் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம்.
மேலே
மூன்றடி அகலத்துக்கு வானம்.

கீழே போக முடியாவிட்டால் என்ன,
தரையை ஒன்றரை அடி தூக்கிடலாங்க என்றாள்,
குழிச்சுவரில் விரலால் சாய்தளம் கீறியபடி.
தோண்டிய மண்தான் குவிந்து கிடக்கிறதே.

கூட்டிப் பார்த்தேன்.
பலகை அவளுக்கு வேண்டும்தான்.
ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
ஓடாத டெம்போவின் பின்கதவைக் கழற்றப் போனேன்.