சாய்கோடு

பாய லேபார், ஏழாம் மாடி.
இரவெல்லாம் இயந்திரம் கேட்ட
நாலாயிரத்து இருநூறு கேள்விகளுக்கும்
காலையில் பச்சை.
கோப்பி-ஓ பையைத் திரைமுன் உயர்த்தி
"வெளியிடலாம்" என்றான் ஹாவ் மிங்.

நான் கையால் தட்டிப் பார்ப்பவள்.
மருந்தகத்தில் வரிசை எண் தரும் செயலி:
பெயர், பிறந்த தேதி, மருந்து, அளவு.
நான்கே கட்டங்கள்.
இதுவரை அதில் நோயுற்றவர்கள்
டான் ஆ கவ், டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு.
மூவருக்கும் இருமல் இல்லை,
பேருந்தைத் தவறவிடும் பயம் இல்லை.

சலிப்பில் என் பெயரையே அடித்தேன்,
அடையாள அட்டையில் உள்ளபடி:
மாதங்கி டி/ஓ செல்லப்பன்.

திரை வெளுத்தது.
எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
சாய்ந்து நிற்கும் அந்த ஒற்றைக் கோட்டைப்
பாதை பிரியும் இடமென்று எண்ணி,
என்னைக் கோப்புறையாக்கி
உள்ளே அப்பாவைத் தேடியிருக்கிறது நிரல்.
அப்படி ஒன்று இல்லை என்றது.
தெரியும். ஆறு வருடமாகிறது.

ஹாவ் மிங் பையைக் கீழே வைத்தான்.
நாலாயிரத்து இருநூற்றொன்றாம் கேள்வியை எழுதினான்.
இனி ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு
இயந்திரம் என் பெயரைச் சொல்லிப் பார்க்கும்,
கொட்டாவி விடாமல்.
எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இதையும் சொல்லவேண்டும்:
போன மாதம், வெள்ளி மாலை ஆறரை,
அரை மாத்திரைக்கு எழுதிய புள்ளி ஐந்தில்
புள்ளி உதிர்ந்து ஐந்தாய் நின்றதை
நான் கண்ணால் பார்த்தேன்,
"சரி" என்று குறித்தேன்,
ரயில் ஏறிவிட்டேன்.
பிடித்தது அதுதான்,
நான் தூங்கிக்கொண்டிருந்தபோது.

பிறகு பளு சோதனை.
நீண்ட விடுமுறைக்குப் பிந்திய திங்கட்கிழமையைச்
செவ்வாயன்றே செய்து பார்த்தோம்.
ஒரே நொடியில் மூவாயிரம் பேர் வந்தார்கள்.
சர்வர் அசையவில்லை.
மூவாயிரம் பேரில் ஒருவர்கூட
மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை.

பிடோக் பலதுறை மருந்தகத்தில் முதல் நாள்.
தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவப்புக் குடையோடு வந்த மாது
பழைய சந்திப்பு அட்டையை
இரு கைகளாலும் திரைமுன் நீட்டிக்
காத்திருந்தார்.
அவர் விரல் தொடுமென்று
திரையும் காத்திருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள்
குடையை எடுத்துக்கொண்டு
முகப்புக்கு நடந்துவிட்டார்.

அன்றைய பதிவேட்டில்
பிழை ஒன்றும் இல்லை.