தரை உண்மை

ஆய்விதழ்களில் என் பெயர் சின்னப்பன்.
யோகமலர் ஓரெழுத்தாகி
காற்புள்ளிக்குப் பின்னால் நிற்கிறாள்.
இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு முறை
அப்பாவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
அவர் ஊத்தான் மெலிந்தாங் பஸ் நிலையத்துக்கு எதிரே
லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்.
"நான் என்னதான்மா சொல்லியிருக்கேன்?"
வழுக்காமல் பிடிப்பதைப் பற்றி, என்றேன்.
"அப்பன்னா சரிதான்."

முட்டையை உடைக்காமல் எடுக்கும் கை ஒன்றுக்காக
ஓசாக்காவில் நாலரை வருஷம்.
திரும்பி வந்து ஒப்பந்த விரிவுரையாளர்,
ஒப்பந்தம் நீட்டித்த விரிவுரையாளர்,
தேர்வுக் குழு, தரக் குழு,
திறப்பு விழாவில் அமைச்சரின் கையைக் குலுக்க மறுத்து
பூச்செண்டைக் குலுக்கிய ரோபோவுக்கு
விளக்கக் கடிதம் எழுதும் குழு.
இப்போது இணைப் பேராசிரியர் பாரம், இருபத்தாறு பக்கம்.

செம்பனைக் காட்டில் எங்கள் இயந்திரம்
பட்டைச் சக்கரத்தில் ஊர்கிறது.
நீளும் கை, நுனியில் அரிவாள், பக்கத்தில் கண்.
மாணவர்கள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.
பத்து மணி வெயில் ஓலையிடுக்கில் குத்தும்போது
அதற்கு எல்லாக் குலையும் பழம்.
மழை பிடித்தால் எல்லாம் காய்.

சுபார்த்தி அண்ணாந்து பார்ப்பதில்லை.
மரத்தடியில் குந்தி உதிரிகளை எண்ணுகிறாள்.
மாசாக், என்கிறாள். அல்லது மெந்தா.
ஒன்பதாயிரம் படங்களுக்கு அடியில்
அந்த இரண்டு சொற்களில் ஒன்று இருக்கிறது.
அதைத்தான் இயந்திரம் பாடம் படித்தது.

"உங்கள் தரை உண்மை எது?" என்று கேட்டிருந்தார்
பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்.
ஒப்பிட்டுப் பார்க்கும் மெய்யான விடைக்கு
எங்கள் துறை வைத்த பெயர் அது.
இரவு ஒருமணிக்குத் தனியாகச் சிரித்தேன்.
தரையில் கிடப்பதுதான் ஐயா,
எட்டு, ஒன்பது, பத்து.

இருவரும் முரண்பட்ட நாற்பது குலைகளை வெட்டிப் பார்த்தோம்.
முப்பத்தேழில் அவள் சரி.
மீதி மூன்றையும் அவளிடமே காட்டினேன்.
முதலாவதற்குச் சிரித்தாள்.
இரண்டாவதில், உதிரியை எலி தின்றுவிட்டது என்றாள்.
மூன்றாவது மரத்தை மட்டும்
வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இது நன்றாக ஓடினால் எனக்கு வேலை இருக்குமா, டாக்டர்?"
குனிந்து பொறுக்க இதற்குக் கை கிடையாது, என்றேன்.
அந்தக் கைக்கு நிதி கேட்டு
போன வாரம்தான் எழுதினேன் என்பதைச் சொல்லவில்லை.

கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்க உட்கார்ந்தேன்.
ஆசிரியர் ஒருவர் கூடினால்
எனக்குக் கால் புள்ளி குறையும், பாரத்தில் பதினோராம் பக்கம்.
குடும்பப் பெயர் கட்டாயம், என்றது கட்டம், சிவப்பாக.
பொனோரோகோவில் பிறந்தவளுக்கு இருப்பது ஒரே பெயர்.
"நன்றியுரையில் போட்டுவிடுங்களேன்,
அதற்குக் குடும்பப் பெயர் கேட்காது" என்றார் துறைத்தலைவர்.

இரண்டு கட்டத்திலும் ஒன்றையே தட்டினேன்:
சுபார்த்தி, சுபார்த்தி.
சிவப்பு போய்விட்டது.
யாராவது மேற்கோள் காட்டினால்
இனி அது அவளாகவே இருக்கும்,
அவள் அப்பா அல்ல.