அறுபத்து நான்கு பைட்

கொக்குவிலில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஒரு சேர்வர். அதற்குள்
உடம்பில்லாத பதினொரு கணினிகள்:
மருந்தகம், குருநகர் மீன் ஏற்றுமதி,
ஒரு அடைவுகடை, மூன்று டியூட்டரி,
மிச்சம் எனக்கே மறந்துபோன வாடிக்கையாளர்.

ஒன்பது நாளுக்கொருக்கால் மூச்சடைத்துச் செத்தது.
நிற்பாட்டிப் போட்டால் உயிர்க்கும்.
மறுபடி ஒன்பது நாள்.

கூட்டிப் பார்த்தேன்.
எல்லாப் புரோசசும் வைத்திருப்பது எண்பத்திநாலு ஜிபி.
சேர்வரில் இருப்பது நூற்றிருபத்தெட்டு.
நாற்பத்தொன்று பாவனையில் என்கிறது திரை.
யாருடைய பாவனையில்?
அதற்குப் பெயரில்லை.

முதலில் டியூட்டரி சேரைத்தான் பிடித்தேன்.
"உங்கட சோதனை மெசின் மணிக்கொருக்கால் எழும்பிப் படுக்குது சேர்,
அதுதான் தின்னுது."
"பிள்ளை, நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன்.
களவெடுக்கிறேல்லை."
போனை வைத்துவிட்டார்.

நிறோசன் மாலு பணிஸைக் கடித்தபடி சொன்னான்:
"வாடகைக்கு இருக்கிறவன்
வீட்டுக்காரன்ர அலுமாரியைத் திறக்கேலாது.
கேர்னலைப் பார்."

பார்த்தேன்.
ஸ்லாப் பட்டியலில் எல்லா வரியும் ஏறி இறங்க
ஒன்று மட்டும் இறங்கவேயில்லை.
அறுபத்து நான்கு பைட் துண்டுகள்,
அறுபத்தெட்டுக் கோடி.

வெறும் மெசின் ஒன்று செய்தேன், நாலு ஜிபி.
உள்ளே ஒரு கோப்பும் இல்லை.
எழுப்பினேன், படுக்க வைத்தேன்.
எழுப்பினேன், படுக்க வைத்தேன்.
நாற்பது தரம்.
ஒவ்வொரு தரமும் அறுபத்து நான்கு எம்பி
போனது போனதுதான்.
அவன் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதி
அவன் போனபின்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறான்
வீட்டுக்காரன்.

பழைய கேர்னலில் இல்லை. புதியதில் உண்டு.
இடையில் நாலாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள்.
பாதியாக்கு. கட்டு. பூட் பண்ணு. பார்.
திரும்பப் பாதியாக்கு.
பன்னிரண்டு தரம் என்று கணக்கு.
ஏழாவதில் கரண்ட் போய்விட்டது.
ஜெனரேட்டர் திறப்பு
இரும்புக்கடை முதலாளியின் இடுப்பில்,
முதலாளி நல்லூரில், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில்.
இருட்டில் இருந்து இரவு ரயில் போவதைக் கேட்டேன்.
ஒன்றும் தோன்றவில்லை, பசித்தது.

பன்னிரண்டாவது, விடியப்புறம் நாலேகால்.
யாரோ, எந்த ஊரோ,
வேகத்துக்காகச் செய்த நல்ல வேலை.
அதில் ஒரு கிளை மட்டும்
விடுவிக்கும் வரிக்கு முன்பே
ரிட்டர்ன் ஆகிவிடுகிறது.

இரண்டு வரியை இடம் மாற்றினேன்.
எண் ஏறியது.
மெசினை நிற்பாட்டினேன்.
எண்
இறங்கியது.
(முழுக்க இல்லை. நாளைக்குச் சில நூறு பைட்
இன்னும் எங்கோ போகிறது.
அதற்கு நான் இப்போது எழும்பப் போவதில்லை.)

எட்டு மணிக்கு சேருக்கு எடுத்தேன்.
"பிழை எங்கட பக்கம்தான் சேர்."
பின்னால் பெடியள் சத்தம்.
"அப்ப மன்னிப்போ?"
"ஓம் சேர்."
"அது கிடக்கட்டும் பிள்ளை.
பில்லில கழிச்சு விடும்."

கழித்தேன்.